உருளைக்கிழங்கு தேய்த்த கண்ணாடி

பெரியவனே,

நீ கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளை நேற்று எனக்குப் போன் செய்தாள். கல்யாணச் சேலை பற்றி ஏதோ கேட்கத்தான் என்று நினைத்து உன் அம்மாவைக் கூப்பிடப் போனேன். "இல்ல மாமா, உங்ககிட்டதான் பேசணும்" என்றாள். நீங்கள் இருவரும் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தீர்களாம். அந்த வீட்டுப் பொடியன், ஸ்பாஞ்சு குண்டு போடுகிற பொம்மைத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, இழுக்க வரவில்லை, சரிபண்ணிக் கொடுங்கள் என்று உன் மடியில் வைத்தானாம். நீ எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாயாம். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லையாம். "என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறாங்க மாமா. ஊருக்குப் போயி அவங்க தம்பி கல்லறைல பத்திரிகை வச்சிட்டு வருவோம்னு சொன்னாலும் முகத்தத் திருப்பிக்கிறாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் எங்கிட்ட இப்படியே இருப்பாங்களா?" என்று கேட்டாள். இங்கே சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பொய்தான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதிலை முதலில் உனக்குச் சொல்லவேண்டும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன். எழுதினால் நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து தொடரலாம்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கும் முன்னால், முதல் பத்திரிகை வீட்டில் இறந்தவருக்குப் போகும். மெழுகுவர்த்தி ஏற்றி, பூப்போட்டு, கல்யாண மாப்பிள்ளையே தன் கையால் கல்லறைமேல் வைக்கவேண்டும். நீ அம்மாவிடம், "நீங்களே வச்சிருங்கம்மா, லீவு கெடைக்காது" என்று சொல்லிவிட்டாய். பத்திரிகைக் கட்டைத் தபாலில் அனுப்பியும் விட்டாய். அது அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. அம்மா அதைத் தொடமாட்டேன் என்கிறாள். நானும் தொடவில்லை. உன் தம்பி ஜோயலை அடக்கம் செய்த அன்று அங்கே நின்றதுதான், அதற்குப் பிறகு ஒருநாள்கூட நீ அந்தப் பக்கம் போகவில்லை. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இருவரும் மட்டும் போய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருகிறோம். ஊரில் கேட்பவர்களுக்கு, அவனுக்கு வேலை அப்படி என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

உன் தம்பியைப் பற்றி நாம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதே இல்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், தெரிந்ததுதானே என்று தாண்டிப் போய்விடாதே. ஓடி விளையாடிய பிள்ளை பள்ளிக்கூடப் படியில் அடிக்கடி விழ ஆரம்பித்தபோது நாம் முதலில் செருப்பைத்தான் குறை சொன்னோம். செருப்பை மாற்றினோம். பிறகு மதுரைக்குக் கொண்டுபோனபோதுதான் தசை கரைகிற வியாதி என்றார்கள். முதலில் கால் போனது, பிறகு தோள், பிறகு கை. சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். தன் தலையைத் தானே சீவிக்கொள்ள முடியாது. முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டால் பன்னை மெல்ல வாய்க்குக் கொண்டுபோவான். விரல்கள் மட்டும் அவன் சொன்னதைக் கேட்டன. ஆனால் வாய்த்துடுக்கு கொஞ்சமும் குறையவில்லை. நான் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு மல்லுக்கட்டும்போதெல்லாம், "அப்பா, ஒங்க ஜீப்புக்கும் எனக்கும் ஒரே வியாதிதான். ரெண்டு பேருக்கும் ஸ்பேர் கெடைக்காது" என்பான். நான் அதட்டுவேன். அவன் சிரிப்பான். அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

குரங்குக்குப் பயப்படாத வீடு நம் வில்பட்டியில் ஏது? ஆனால் குரங்குக்கு ஆள் பார்க்கத் தெரியும். அம்மா விளக்குமாற்றோடு வந்தால் வாசல் பேரிக்காய் மரத்துக்கு ஓடிவிடும். என்னைக் கண்டால் கொஞ்சம் யோசிக்கும். ஜோயல் வாசலில் வெயில் காய உட்கார்ந்திருந்தால் மட்டும் நேராக வந்து, அவன் மடியில் இருக்கிற பன்னை எடுத்து, ஓடக்கூட ஓடாமல் அவன் காலடியிலேயே உட்கார்ந்து தின்னும். ஒருநாள் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு அவன் வாயருகே போன பன்னையே பிடுங்கிவிட்டது. கன்னத்தில் நகம் கீறி ரத்தம். நீ ஐடிஐ விட்டு வந்து பார்க்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். ஊசிக்கும் மருந்துக்கும் அழாத பிள்ளை. "வலிக்குதாலே?" என்று நீ கேட்டாய். "வலிக்கலண்ணே. அது என்னைய ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குது" என்றான். நீ பையைக்கூட இறக்காமல் அவன் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாய்.

கூக்கால் ஏரி பார்க்க நான் கூட்டிக்கொண்டு போன ஒரு குடும்பத்துப் பையன், ஸ்பாஞ்சுத் துப்பாக்கி ஒன்றை ஜீப் சீட்டுக்கடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். கேட்டு வருவார்கள் என்று வைத்திருந்தேன், வரவில்லை. இழுக்கிற பிடி உடைந்திருந்தது, அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். நீ அதைத் திறந்து பிடியை ஒட்டிவைத்துத் தம்பி மடியில் கொடுத்தாய். அவனால் ஸ்பிரிங்கை இழுக்க முடியவில்லை. நீ இழுத்துக் கொடுத்தால் ஒரு குண்டு போடுவான், அடுத்ததற்கு மறுபடியும் உன்னைக் கூப்பிடவேண்டும். குரங்கு அதுவரை காத்திருக்குமா? ரெண்டு நாள் முயன்றுவிட்டு, "வேணாம்ணே, நீயே வச்சிக்க" என்று சொல்லிவிட்டான். அவனுக்குப் பதிலாக ஸ்பிரிங்கை இழுத்துத் தர ஏதாவது வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே திரிந்தாய். அட்டைப்பெட்டிகளில் எல்லாம் என்னவோ படம் போட்டுவைத்தாய்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப்பின் வைப்பர் நின்றுபோனது. பழைய மாடல் வண்டி, அதற்கு மோட்டார் வேண்டுமென்றால் மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் தேடவேண்டும். செத்த மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் போட்டேன். அடுத்து மதுரை போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டிக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தால் மழைத்தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் தகடு மாதிரி வழிந்துவிடும், ரோடு தெரியும். எங்கள் காலத்து டிரைவர் எல்லோரும் செய்ததுதான். எனக்கு அதில் ஒரு கெத்துவேறு. டூரிஸ்ட்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். டேஷ்போர்டில் எப்போதும் ஒரு கிழங்கு கிடக்கும். இந்த ஊரில் கிழங்குக்கா பஞ்சம் என்று நானே ஜோக் அடித்துக்கொள்வேன்.

நீ அந்தச் செத்த மோட்டாரைச் சாக்கிலிருந்து எடுத்துப் பிரித்தாய். துருவைச் சுரண்டினாய். தேய்ந்துபோன கார்பன் துண்டுக்குப் பதிலாக, வீணாய்ப்போன மிக்ஸியிலிருந்து ஒன்றை எடுத்து அரத்தில் ராவி உள்ளே வைத்தாய். பேட்டரியில் ஒயரைத் தொட்டதும் அது ஓடியது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்த உன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அப்பா, ஓடுதுப்பா. வண்டில மாட்டிரவா, இல்ல..." என்று இழுத்தாய். மிச்சத்தை நீ சொல்லவில்லை. வாசலில் அவன் கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குக் கெழங்கு போதும்லே. நீ தம்பிக்குப் பாரு" என்றேன். இதைத்தான் நீ இத்தனை வருஷமாக மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ என் வண்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லை மகனே. கேட்கக்கூட இல்லை. நான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் கொஞ்ச காலம் சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ கடைசி நாளை மட்டும்தான் வைத்திருக்கிறாய். துப்பாக்கியை நாற்காலியின் கையில் கட்டினாய். சீட்டுக்கடியில் பைக் பேட்டரி. சைக்கிள் பிரேக் ஒயரின் ஒரு முனை மோட்டாரில், மறுமுனை ஸ்பிரிங்கில். அவன் ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒரு காலிங்பெல் சுவிட்ச். முதல்முறை அழுத்தியபோது மோட்டார் நீ ஒட்டிய பிடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நீ தலையில் கைவைத்தாய், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நீ தகரம் வெட்டிப் புதுப்பிடி செய்தாய். அடுத்தமுறை 'கர்ர்' என்று இழுத்து 'டப்' என்று விட்டது. அவன் போட்ட முதல் குண்டு, வாசலுக்குள் நுழைந்த என் குல்லாயில் விழுந்தது. "சாரி சார், குரங்குன்னு நெனச்சிட்டேன்" என்றான். மறுநாள் அந்தக் கடுவன் வந்தது. பாய்ந்து வந்த ஸ்பாஞ்சைப் பிடித்துக் கடித்துப் பார்த்துத் துப்பியது, அதற்கு வலித்ததாகவே தெரியவில்லை. ஆனால் மோட்டார் சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் 'கர்ர்' கேட்டதும் பேரிமரத்தில் ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டியது. அன்றைக்கு ஜோயல் அந்தப் பன்னை எவ்வளவு நேரம் தின்றான் தெரியுமா? அது பார்க்கவேண்டும் என்றே ஒவ்வொரு கடியாக, மென்று மென்று தின்றான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த ஐப்பசி மழை வந்தது. இரண்டு நாளாக அவனுக்கு நெஞ்சில் சளி. மூன்றாம் நாள் மத்தியானம் மூச்சு வாங்கி உதடு நீலமாகிவிட்டது. கொடைக்கானலில் ஆக்சிஜன் வைத்துப் பார்த்துவிட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு கேசோடு கீழே போயிருந்தது, வர நேரமாகும். "நம்ம வண்டிலயே போயிருவோம்ப்பா, வெரசா" என்று நீதான் அவனைத் தூக்கினாய். பின்சீட்டில் அம்மா மடியில் அவனையும் கையில் சின்ன சிலிண்டரையும் வைத்துக்கொண்டு கிளம்பினோம். பெருமாள்மலைவரை மூடுபனி. அந்தப் பனிக்குள் வைப்பர் இருந்தும் ஒன்றும் ஆகாது, அது கண்ணாடியைத்தான் துடைக்கும். பெருமாள்மலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கிழங்கைத் தேய்த்தேன். அந்த மழைக்குக் கிழங்கு நிற்கவில்லை, தேய்த்ததைக் கழுவிக்கொண்டு போனது. இரண்டு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை நிறுத்தியபோது நீ, "நீங்க எறங்காதீங்கப்பா, ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்துப் படியில் வெளியே ஏறி நின்றுகொண்டாய். ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் துண்டோடு, எனக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாய். அந்த மழையில், அந்தக் குளிரில், அத்தனை வளைவிலும். நான் உள்ளே வா என்று கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை. மலையடிவாரத்துக் காட்ரோட்டுக்கு இறங்கும்வரை உன் கை நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். மூச்சுவிடும் தசையே ஓய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பொழுது சாயும் முன்னால் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அடக்கம் முடிந்த மறுநாள் நீ நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினாய். துப்பாக்கியைப் பின்னால் பள்ளத்தில் எறிந்தாய். மோட்டாரைக் கொண்டுபோய் ஜீப்பில் மாட்டினாய். சுவிட்சைப் போட்டுப் பார்த்தாய், வைப்பர் ஓடியது. அந்த வாரமே சென்னைக்கு வண்டி ஏறிவிட்டாய். ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு போவாய் என்று நினைத்தேன், விட்டுவிட்டுப் போயிருந்தாய். அன்றிலிருந்து மழை வரும்போதெல்லாம் அந்த வைப்பர் என் கண்ணாடியைத் துடைக்கும். நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அப்படியே ஓட்டினேன்.

ஒரே ஒரு தடவை நீ வாய்விட்டுச் சொன்னாய். அவன் நினைவுப்பூசைக்குக் கூப்பிட்டபோது, "அந்த மோட்டாரு வண்டில இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்ப்பா" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். என் மௌனத்தை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். ஆமாம் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை, இல்லை என்று சொல்லவும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு பொய்யை எழுதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. போன மாதம் ஜீப்பை விற்றுவிட்டேன். எனக்குக் கண் மங்கிவிட்டது. பண்ணைக்காட்டில் வாழைத்தார் ஏற்றுகிறவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் நம் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு, அவருக்கு வேறொன்று மாட்டித் தருவதற்காக மதுரைக்குப் போனேன். வெள்ளனே பஸ் ஏறினேன். நாலு கடை ஏறி இறங்கியதும் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான் சோலி. அன்றைக்கு அந்த ஒருநாள் சோலியைத்தான் நான் கெத்துக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பழியை எடைபோட வேண்டுமென்றால் என் பங்கையும் தட்டில் வை. ஆனால் அந்தத் தராசே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அவன் மறுபடியும் அந்த வாசலில் உட்கார்ந்திருந்து, நீ மறுபடியும் அந்த மோட்டாரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து "இல்ல..." என்று இழுத்தால், நான் மறுபடியும் அதையேதான் சொல்வேன். மதுரைக்கு மட்டும் மறுநாளே போய்விடுவேன்.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். "நீங்க சொல்லாட்டி நானே சென்னைக்குப் போயி அவங்கிட்டச் சொல்லிருவேன்" என்று அம்மா பலமுறை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவை நீ போன் எடுக்கும்போதும் சொல்ல நினைப்பேன். அவன் பெயரைச் சொன்னதும் நீ "சரிப்பா, வைக்கிறேன்" என்பாய். உன் குரல் போகிற போக்கைக் கேட்டு நானும் வைத்துவிடுவேன்.

அன்றைக்கு அந்த மழையில் நீ வெளியே தொங்கிக்கொண்டு துடைத்தாய் அல்லவா? உள்ளே ஜோயல் அம்மா மடியில் தலைவைத்து, கண்ணைத் திறந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் கை இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் நான் வேகத்தைக் குறைத்தபோது அவன் வாயிலிருந்து ஆக்சிஜன் மாஸ்க்கை எடுக்கச் சொல்லி அம்மாவிடம் கண்ணைக் காட்டினான். அம்மா எடுத்தாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னான். "அப்பா... நம்ம வைப்பரு... நல்லாத்தான்ப்பா ஓடுது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரிப்புத்தான், உனக்குத் தெரியாததா? நானும் அந்த நேரத்தில் சிரித்துவிட்டேன், அம்மாவும் சிரித்தாள். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், மழைச் சத்தத்தில் முடியவில்லை. கீழே போனதும் அவனே சொல்வான் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை.

உன் தம்பி கடைசியாகப் பேசியது உன்னைப் பற்றித்தான் மகனே. மோட்டார் ஜன்னலில் இருக்கிறது, அவன் படத்துக்குக் கீழே. நேற்றுக்கூட ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. பத்திரிகைக் கட்டை நாங்கள் பிரிக்கமாட்டோம். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். முதல் பத்திரிகையை அவன்மேல் நீ வை. அன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்த அந்தக் கையாலேயே வை.

அப்பா